இங்கிலாந்தில் காட்டேஜுக்குப் போகும் நாள்: கடைசி இரண்டு மைலிலிருந்து தொடங்குங்கள்

நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. நல்ல மழை. ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று ஜிபிஎஸ் அறிவித்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பண்ணையின் இரும்புக் கேட் தெரிந்தது. அதற்கு அப்பால் இருட்டு. வீட்டுக்காரரை அழைக்கலாம் என்று கைபேசியை எடுத்தால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பின் இருக்கையில் அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஆள் நடமாட்டமே இல்லையே” என்றார். நாங்கள் தேடிய காட்டேஜ், விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கிராமத்து வீடு, அங்கிருந்து நானூறு மீட்டருக்குள்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

விமானம், மோட்டார்வே, ரவுண்டானா எல்லாவற்றையும் சிரமமின்றிக் கடந்து வந்திருந்தோம். கடைசி இரண்டு மைலுக்கு மட்டும் நாங்கள் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் பயணத்தை வீட்டுக் கதவிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிடுகிறேன். முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு, அந்த முறையைச் சொல்லிக்கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது காட்ஸ்வோல்ட்ஸ். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வடமேற்கே, நெரிசல் இல்லாவிட்டால் காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் குன்றுப் பகுதியை 1966ஆம் ஆண்டு இயற்கை எழில் பகுதியாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறார்கள். மண்ணுக்கடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். வீடு, தேவாலயம், வயல் சுவர் எல்லாம் அந்தக் கல்லால் கட்டியவை. வெயில் பட்டால் தேன் நிறமாக ஒளிரும். இடைக்காலத்தில் ஆட்டு ரோம வணிகம் இந்த ஊர்களைச் செழிக்கவைத்தது. பைபரி ஊரில் உள்ள ஆர்லிங்டன் ரோ வீடுகள் முதலில் ரோமக் கிடங்காக இருந்து, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியவை. நீங்கள் தங்கப்போகும் காட்டேஜும் அப்படி ஏதோவொரு உழைப்பாளி வாழ்ந்த வீடாக இருக்கலாம். தலையை இடிக்கும் உத்தரமும் குறுகிய மாடிப்படியும் அதனால்தான்.

முதலில் கதவு திறக்கும் நேரம்

காட்டேஜ்களுக்குள் போகும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 3 அல்லது 4 மணி. முந்தைய விருந்தினர் காலை 10 மணி வாக்கில் காலி செய்வார்கள். நடுவில் ஒருவர் வந்து வீட்டைத் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, விறகு வைத்துவிட்டுப் போவார். ஆகவே சீக்கிரம் போய்ப் பயனில்லை. தாமதமாகப் போவது அதைவிடத் தவறு. டிசம்பரில் மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்; ஜூனில் இரவு 9.30 மணி வரை வெளிச்சம் இருக்கும். கிராமத்துப் பாதைகளில் தெருவிளக்கு கிடையாது. எந்த மாதமானாலும் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. குளிர்காலத்தில் 3 மணிக்கே உள்ளே விட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து, அது என்ன கிழமை என்று பாருங்கள். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடிவிடும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அரிசி வாங்கப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வெள்ளிக்கிழமைக்கு வேறு சிக்கல். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு லண்டன்வாசிகள் பலர் அதே சாலையில் வார இறுதிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இவற்றை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். குளிர்காலம் இல்லையென்றால் வீட்டு வாசலில் 4 மணி. அதற்கு முன் 3 மணிக்கு மளிகை. 12.30க்கு மதிய உணவு. அப்படியானால் காலை 10 மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்றைய நாள் முழுவதற்கும் இந்த நான்கு நேரங்கள் போதும்.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே காரோட்டாதீர்கள்

இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானமானாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் நான்கரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கடிகாரம் பின்னால் போகும். பிற்பகல் மூன்று மணிக்கு உடம்பு இரவு எட்டரை என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில், பழக்கமில்லாத வண்டியில், மணிக்கு 70 மைல் வேகத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. ஹீத்ரோ பக்கத்தில் ஓர் இரவு தங்குங்கள். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் உறவினர் இருந்தால் அங்கே தங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் அன்றைக்கு ரயிலில் போங்கள்.

குடியேற்ற அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார். காட்டேஜ் முகவரியையும் முன்பதிவு உறுதிச் சீட்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதி இல்லை. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். சாம்பார் பொடி, புளி, அப்பளம் போன்றவற்றை எடுத்துப் போங்கள்.

ரயிலில் போவதென்றால்

ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் ரயில் அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொண்டு பேடிங்டன் நிலையத்தில் விடும். அங்கிருந்து கிரேட் வெஸ்டர்ன் ரயில் ஆக்ஸ்ஃபோர்டு, சார்ல்பரி, கிங்கம் வழியாக காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள மோர்ட்டன் இன் மார்ஷ் ஊருக்குப் போகிறது. சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். முன்கூட்டி வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட் மலிவு. ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானால் வீணாகிவிடும். வந்திறங்கும் நாளில், நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் செல்லும் ஆஃப் பீக் டிக்கெட்தான் பாதுகாப்பு. குழந்தைகளோடு போகிறவர்கள் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம்.

பேடிங்டனில் நடைமேடை எண் ரயில் புறப்படச் சற்று முன்புதான் பலகையில் வரும். வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள், பதற வேண்டாம். சில கிராமத்து நிலையங்களில் நடைமேடை குட்டையாக இருக்கும். எந்தப் பெட்டிக் கதவுகள் திறக்கும் என்று ரயிலில் அறிவிப்பார்கள், கவனித்துக் கேளுங்கள்.

மோர்ட்டனில் இறங்கியபின் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். 801 எண் பஸ் ஸ்டோ ஆன் த வோல்ட், போர்ட்டன் ஆன் த வாட்டர் வழியாகச் செல்ட்டன்ஹாமுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையில் கிராமத்து பஸ்களை நம்ப முடியாது. நகரத்தில் போலக் கைபேசியைத் தட்டியவுடன் டாக்ஸி வராது. உள்ளூர் டாக்ஸிக்காரர் ஒருவரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, ரயில் நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். யாரை அழைப்பது என்று வீட்டுக்காரரே சொல்வார்.

காரை எடுக்கும்போது

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு பன்னிரண்டு மாதம் வரை சிறிய கார் ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். தந்தையின் கார்டு, மகனின் உரிமம் என்றால் கவுன்டரில் திண்டாட வேண்டிவரும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பெரிய கார் வேண்டாம் என்பது என் கருத்து. மோட்டார்வேயில் அகலமான வண்டி சுகமாக இருக்கும், ஆனால் கடைசி இரண்டு மைலில் ஒவ்வொரு அங்குலமும் உங்களை உறுத்தும். பெட்டிகளைக் குறைத்துச் சின்ன வண்டி எடுங்கள்.

உறவினர் காரை இரவல் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்த்தார்களா? அது இல்லாமல் ஓட்டினால் குற்றம். இரண்டு, பழைய டீசல் காரா? 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் பெருநகர் முழுவதும் யூலெஸ் எனும் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் வந்துவிட்டது. தகுதியில்லாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும்.

கிளம்புமுன் பத்து நிமிடம் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து வைப்பர், மூடுபனி விளக்கு, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் பொத்தான் ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். இந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

சாலையில்

இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது நமக்குப் பெரிய ஆறுதல். தூரமும் வேகமும் மைலில். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். மோட்டார்வேயில் 70, ஊருக்குள் பொதுவாக 30, பல கிராமங்களில் 20. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை வந்தால் சாதாரண இருவழிச் சாலையில் 60 வரை போகலாம் என்று பொருள். வளைந்து வளைந்து போகும் கிராமப் பாதையிலும் அந்தப் பலகை நிற்கும். அதற்காக அங்கே 60ல் போக வேண்டும் என்றில்லை. உள்ளூர்க்காரர்களே 30ல்தான் போவார்கள். கைபேசியைக் கையில் பிடித்திருந்தால் 200 பவுண்டு அபராதம்.

ரவுண்டானாவில் உங்கள் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடும் நம் ஊர் வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். வெளியேறும் வழியைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று சுற்றிவரலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

ஹெட்லைட் அடிப்பதன் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் ‘நீங்கள் வாருங்கள்’ என்று அர்த்தம். நெடுஞ்சாலை விதிப்புத்தகம் அதை அப்படிச் சொல்லவில்லை என்றாலும் மக்கள் வழக்கம் அதுதான். ஹாரன் சத்தமோ நாள் முழுவதும் காதில் விழாமலே போகலாம்.

வழி இதுதான்: லண்டனைச் சுற்றிப் போகும் எம் 25 மோட்டார்வேயில் வடக்கே ஏறி, எம் 40க்குத் திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டை நோக்கிப் போக வேண்டும். ஸ்டோக்கன்சர்ச் தாண்டியதும் சாலை வெள்ளைச் சுண்ணப்பாறையை வெட்டிக்கொண்டு இறங்கும். அந்த வெட்டு முடியும் இடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு சமவெளி சட்டென்று விரியும். தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு வட்டமடிப்பது ரெட் கைட் என்ற பருந்து. இங்கிலாந்தில் அற்றுப்போன அந்தப் பறவையை 1989 முதல் ஐந்தாறு ஆண்டுகள் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தச் சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், மற்றவர்கள் தவறாமல் மேலே பாருங்கள்.

சற்றுத் தூரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு சர்வீசஸ் என்ற வழியோர ஓய்விடம் வரும். மோட்டார்வே சர்வீசஸ்களில் இரண்டு மணி நேரம் வரை கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. கழிவறையும் இலவசம். பெரியவர்களை இறக்கி நடக்கவிடுங்கள். பெட்ரோல் மட்டும் இங்கே விலை அதிகம். ஊருக்குள் சூப்பர்மார்க்கெட் பங்கில் போட்டுக்கொள்ளலாம். எங்கேயானாலும் நீங்களேதான் நிரப்ப வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். நம் ஊரில் பார்த்த நிறத்தை வைத்து ஊகிக்காமல், எழுத்தைப் படித்துவிட்டுக் கையை வையுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். பார்க்க ஆசையென்றால் இன்னொரு நாள் ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள். இன்றைக்கு ஏ 40 சாலையில் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் விட்னி, அதைத் தாண்டி பர்ஃபோர்டு.

சாப்பாடும் மளிகையும்

பர்ஃபோர்டில் மதிய உணவுக்கு நிறுத்துங்கள். சரிவில் இறங்கும் ஒரே பெரிய தெரு, இருபுறமும் கல்வீடுகள், அடியில் விண்ட்ரஷ் ஆறும், ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டி மட்டுமே போகக்கூடிய பழைய கல்பாலமும். நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல கிராமத்து பப்களில் சமையலறை இரண்டு, இரண்டரை மணிக்கு மூடினால் மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் பொட்டலச் சிப்ஸ்தான் கிடைக்கும். பல இடங்களில் மேசைக்கு ஆள் வரமாட்டார். மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, பாருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கெட் பொட்டேட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து சீஸோ பீன்ஸோ வைத்துத் தருவார்கள். சூடாக, வயிறு நிறைய, காரம் இல்லாமல், குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளும்.

அங்கிருந்து ஏ 424 சாலையில் பத்து மைல் ஏறினால் ஸ்டோ. மேட்டில் உள்ள ஊர். காற்று குளிர்ச்சட்டையைத் துளைக்கும். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலையை ஒட்டி ஒரு டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. இங்கே இரண்டு நாளுக்கான சாமான் வாங்கிவிடுங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் கடை இருக்கும் என்று எண்ண வேண்டாம். அரிசி, வெங்காயம், தக்காளி, எண்ணெய், முட்டை, தயிர். பாலில் நீல மூடி முழுக்கொழுப்பு, பச்சை பாதி, சிவப்பு கொழுப்பு நீக்கியது. காப்பிக்கு நீல மூடிதான் சரி. உப்பை மறந்துவிடாதீர்கள், காட்டேஜில் இருக்கும் என்று நம்பி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தேவையென்றால் முதல் நாளே வெம்ப்ளி ஈலிங் ரோட்டிலோ சவுத்ஹாலிலோ வாங்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.

கடைசி இரண்டு மைல்

இனிமேல்தான் நிதானம் வேண்டும்.

நகரத்தில் ஒரு போஸ்ட்கோடு ஒரு தெருவைக் காட்டிவிடும். கிராமத்தில் அதே போஸ்ட்கோடுக்குள் சிதறிக் கிடக்கும் பல வீடுகள் இருக்கும். ஜிபிஎஸ் அவற்றின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிறுத்திவிடும். எங்களைப் பண்ணைக் கேட்டில் கொண்டு நிறுத்தியதும் அதுதான். வீடுகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது, பெயர்தான். அந்தப் பெயரும் சுவரில் பாசி படிந்த ஒரு கல்லில் செதுக்கியிருக்கும். ஆகவே வீட்டுக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: எழுத்தில் வழி, வாசலின் புகைப்படம், வாட் த்ரீ வேர்ட்ஸ் குறிப்பு. மூன்றாவது 2013ல் பிரிட்டனில் தொடங்கிய முறை. உலகம் முழுவதையும் மூன்று மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைத்திருக்கிறார்கள். கதவு இருக்கும் சதுரத்தையே அது காட்டும். இவற்றைக் காகிதத்தில் அச்செடுத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில் கொடுங்கள். ஸ்டோவை விட்டுக் கிளம்புமுன், சிக்னல் இருக்கும்போதே, அவர் அதை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். ‘சிவப்புத் தொலைபேசிக் கூண்டு தாண்டி இடது, ஆட்டுத் தடுப்புக் கம்பியைக் கடந்து இரண்டாவது கேட்’ என்பது போன்ற வரிகள் அப்போது மனதில் பதிந்துவிடும்.

ஜிபிஎஸ் குறுக்குவழி காட்டினால் ஏற்காதீர்கள். முடிந்தவரை பெரிய சாலையிலேயே போய், கடைசியில் மட்டும் சிறு பாதைக்குள் திரும்புங்கள். அந்தப் பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒருபுறம் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர், மறுபுறம் ஆளுயரச் செடிவேலி. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் எங்கே என்று பாருங்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நின்று, எதிரே வருபவர் அதற்குள் புகுந்து உங்களைக் கடக்க விடுங்கள். மேடேறி வருபவருக்கு வழிவிடுவது மரியாதை. ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் போவது வழக்கம். கடந்து போகையில் ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரலைத் தூக்கி நன்றி சொல்வார்கள், நீங்களும் தூக்குங்கள். பின்னால் ஓட்டப் பயமாக இருந்தால் நின்றுவிடுங்கள். எதிரே இருப்பவர் புரிந்துகொண்டு அவரே பின்வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குதிரைமேல் யாராவது வந்தால் 10 மைல் வேகத்துக்குக் கீழே குறைத்து, குறைந்தது இரண்டு மீட்டர் இடம் விட்டுக் கடக்க வேண்டும். அது 2022ல் விதியில் சேர்ந்தது. இடமில்லாவிட்டால் பின்னாலேயே மெல்லப் போங்கள். அப்பர் ஸ்லாட்டர் போன்ற ஊர்களில் ஓடை சாலையின் மேலேயே ஓடும். மழை பெய்திருந்தால் அதில் இறங்காதீர்கள். ஐந்து அடி நகர்ந்தபின் ஆழம் தெரிந்து பயனில்லை.

சாவி

பெரும்பாலான வீடுகளில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். மேலே ரப்பர் மூடி. அதைத் தூக்கினால் எண் பொத்தான்கள். முன்பு யாரோ அழுத்தியதை அழிக்கும் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும். பிறகு உங்கள் எண்கள், பிறகு திறக்கும் பிடி. குளிரில் மரத்த விரலுக்கு அந்தப் பொத்தான்கள் மிகச் சின்னவை; கைபேசி வெளிச்சத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைத்திருங்கள், மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் சிக்னல் இல்லாத வாசலில் அது உதவாது. பழைய கதவுகள் ஈரத்தில் உப்பியிருக்கும். சாவி திரும்பியும் கதவு அசையாவிட்டால் கைப்பிடியை மேலே தூக்கித் தோளால் தள்ளிப் பாருங்கள்.

வீட்டுக்குள் முதல் ஒரு மணி நேரம்

மேசைமேல் ஒரு கோப்பு இருக்கும். பெட்டிகளைப் பிரிக்குமுன் அதைப் படியுங்கள். வெந்நீர், ஹீட்டர், வைஃபை, குப்பை, அவசரத் தொலைபேசி எண் எல்லாம் அதில்தான். அவசரத்துக்கு 999, உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கேள்விக்கு 111.

பிளக்கில் மூன்று செவ்வகக் கம்பிகள். நம் உருண்டைக் கம்பி நுழையாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட்தான், ஆகவே சார்ஜர்களுக்குக் கவலையில்லை. குளியலறையில் சாதாரண பிளக் பாயின்ட் இருக்காது. விளக்குக்கு ஸ்விட்சைத் தேடாதீர்கள், கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுங்கள். தரை மரமாகவோ கம்பளமாகவோ இருக்கும். தண்ணீர் வெளியே சிந்தினால் கீழ்க்கூரை கறைபடும். கழிவறையில் கைத்தெளிப்பான் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் குவளையை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். பல வீடுகளில் கழிவுநீர் தோட்டத்துத் தொட்டிக்குத்தான் போகிறது. ஈரத்துடைப்பான், பஞ்சு, சமையல் எண்ணெய் எதையும் அதில் போடக் கூடாது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

பிறகு சமையல். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடாகாது. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். தாளிக்கும்போது கவனம். ஒருமுறை ரசத்துக்குக் கடுகு வெடித்து மிளகாய் கறுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. வீடு முழுக்க அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள், எல்லாம் சேர்ந்து கத்தும். மேலே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நடுங்கி எழுந்தது. இப்போதெல்லாம் முதலில் ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியை முழு வேகத்தில் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சிறு தீயில்தான் தாளிக்கிறோம். தொந்தரவு என்று அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். மர உத்தரமும் விறகு அடுப்பும் உள்ள வீட்டில் உங்களைக் காப்பது அதுதான்.

விறகு அடுப்பை மூட்டினால் புகைபோக்கியின் காற்றுவழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சிறு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரருக்கு ‘வந்து சேர்ந்துவிட்டோம்’ என்று வைஃபை வழியே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவரும் அன்று மாலை முழுவதும் சாலையை நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

படுக்கப் போகுமுன் எல்லோரையும் ஒருமுறை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். படிகள் செங்குத்து, அகலம் குறைவு, மேல்படியில் ஓர் உத்தரம் நெற்றி உயரத்தில் குறுக்கே நிற்கும். சில வீடுகளில் கழிவறை கீழேதான் இருக்கும். நேரம் மாறிய உடம்போடு அம்மா இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார். தெருவிளக்கில்லாத ஊரின் இருட்டு, கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டு. மாடிப்படி விளக்கை விடியும்வரை எரியவிடுங்கள்.